குற்றவாளியின் முகம்

நாம் மாணவராயிருந்த காலத்தில் ஒருநாள் மாலை கடைத்தெருவில் ஒரு கூட்டம் கூடியிருந்தது. மிதிவண்டி திருடியவன் என்று சொல்லி ஓர் இளைஞனை விளக்குக் கம்பத்தில் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். வருவோர் போவோரெல்லாம் அவனை அடித்துவிட்டுப் போனார்கள். அந்த மிதிவண்டி அவர்களில் எவருடையதும் அன்று. நாம் அடிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு, 'வேண்டும் இவனுக்கு' என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு வீடு திரும்பினோம். அன்றிரவு நன்றாக உறங்கினோம் என்பதையும் மறைக்காமல் எழுதிவிட வேண்டும்.

சில மாதங்கள் கழிந்து, திரைப்படக் கழகத்தார் ஒரு சிறிய மண்டபத்தில் வெள்ளைத் துணி கட்டி, ஓர் இத்தாலியப் படத்தைத் திரையிட்டார்கள். வித்தோரியோ தெ சிக்கா 1948-இல் எடுத்த 'மிதிவண்டித் திருடர்கள்' அது. அன்று தொடங்கிய ஒரு கேள்வி, பின்னர் நாம் கண்ட வேறு இரு படங்களின் வழியாக வளர்ந்து, இன்றுவரை நம்மை விடவில்லை. நம் உலகப் பார்வையை உருவாக்கியவர் யார் என்று கேட்டால் பெற்றோரையும் ஆசிரியரையும் நூல்களையும் சொல்லுவோம். திரைப்பட இயக்குநரின் பெயரைச் சொல்லத் தயங்குவோம். அந்தத் தயக்கத்தை விட்டுவிட்டு, மூன்று இயக்குநர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடனை இங்கே கணக்கிட்டுப் பார்க்க விழைகிறோம். கணக்கு என்றபடியால், அவர்கள் தரத் தவறியவற்றையும் சேர்த்தே எழுதுவோம்.

தெ சிக்காவின் கதை மிகச் சிறியது. போர் முடிந்த உரோமை நகரில் வேலையற்றிருந்த அந்தோனியோவுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. அதற்கு மிதிவண்டி வேண்டும்; அதுவோ அடகில் இருக்கிறது. மனைவி மரியா கட்டிலில் கிடந்த விரிப்புகளை உருவி எடுத்து அடகு வைத்து மிதிவண்டியை மீட்கிறாள். அடகுக்கடைப் பணியாள் அந்தத் துணி மூட்டையைச் சுமந்துகொண்டு, கூரைவரை உயர்ந்து நிற்கும் அடுக்குகளின் மேல் ஏறுகிறான். அந்த அடுக்குகளெங்கும் பிற குடும்பங்களின் விரிப்புகள்! ஒரு நகரத்தின் வறுமையை ஒரு சொல்லும் பேசாமல் அந்த ஒரு காட்சி சொல்லிவிடுகிறது. வேலைக்குச் சென்ற முதல் நாளே மிதிவண்டி களவு போகிறது. அதன் முத்திரைப் பெயர் 'ஃபிதெஸ்'. இலத்தீனில் 'விசுவாசம்' என்று பொருள்.

பிறகு தந்தையும் சிறுவன் புரூனோவும் நகரெங்கும் தேடுகிறார்கள். நாமும் அவர்களோடு தேடினோம். திருடன் அகப்படவேண்டும், உதைபடவேண்டும் என்று பற்களைக் கடித்தபடி இருந்தோம். அவன் அகப்பட்டான். ஆனால் அவன் வீடோ ஓர் ஒற்றை அறை. அவனோ வலிப்பு வந்து தெருவில் விழுகிறான். சாட்சியம் ஏதுமில்லை. அந்தோனியோ வெறுங்கையோடு திரும்புகிறான். கடைசியில், விளையாட்டரங்கின் அருகே, ஆளில்லாமல் நின்ற ஒரு மிதிவண்டியை அவனே எடுத்துக்கொண்டு ஓடுகிறான்.

அந்த நேரத்தில் இருண்ட மண்டபத்தில், 'சீக்கிரம், சீக்கிரம்!' என்று ஒரு குரல் எழுந்தது. சிலர் சிரித்தார்கள். அது நம்முடைய குரல் என்பதை நாம் சற்றுப் பிந்தியே உணர்ந்தோம். ஒன்றரை மணி நேரமாகத் திருடனைத் தேடி அலைந்த நாம், இப்போது திருடன் தப்பவேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தோம்! அவன் தப்பவில்லை. கூட்டம் அவனைப் பிடித்து அறைகிறது. தொப்பி மண்ணில் விழுகிறது. மகன் அழுதுகொண்டே அதை எடுத்துத் தூசி தட்டுகிறான். அந்தச் சிறுவனைக் கண்ட மிதிவண்டிக்காரர் வழக்கு வேண்டாமென்று விட்டுவிடுகிறார். தந்தையின் கையை மகன் பற்றிக்கொள்ள, இருவரும் மக்கள் திரளில் கலந்து மறைகிறார்கள். படத்தின் பெயர் 'திருடன்' என்றில்லாமல் 'திருடர்கள்' என்று பன்மையில் அமைந்தது ஏன் என்பது அப்போதுதான் விளங்கிற்று.

இப்படத்துக்கு வாய்ப்பதைக் காட்டிலும் பெரிய வெற்றி ஒரு கலைப்படைப்புக்கு வாய்ப்பது அரிது. ஆயினும் ஆண்டுகள் செல்லச் செல்ல நமக்கு ஓர் ஐயம் எழுந்தது. தெ சிக்கா நமக்கு மன்னிப்பை எளிதாக்கிவிட்டாரோ? அந்தோனியோ நல்லவன், குடும்பத்தை நேசிப்பவன், வேறு வழியில்லாமல் திருடுகிறான். அந்தோனியோவாக நடித்த இலம்பெர்த்தோ மாஜோரானி உண்மையிலேயே ஓர் ஆலைத் தொழிலாளி. பசியின் களைப்பு அவர் நடையிலேயே இருந்தது. போதாததற்கு அழும் குழந்தையும், உருகும் இசையும் துணை நிற்கின்றன. இவ்வளவும் சேர்ந்த பிறகு எவன்தான் இரங்கமாட்டான்? விளக்குக் கம்பத்தில் கட்டப்பட்டிருந்தவனிடம் இவற்றில் எதுவும் நமக்குத் தெரியவில்லை. அவன் பக்கத்தில் நின்று அழ ஒரு புரூனோவும் இல்லை. காரணம் தெரிந்தால்தான் இரக்கம் என்றால், காரணம் தெரியாதவன் என்ன ஆவான்?

இந்தக் கேள்வியோடு நாம் வந்து சேர்ந்த இடம் பிரெஞ்சு இயக்குநர் ரொபேர் பிரெஸோன் 1959-இல் எடுத்த 'பிக்பாக்கெட்'. இது துப்பறியும் கதையன்று என்று படத்தின் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுகிறார் அவர். பாரிஸ் நகரத்து இளைஞன் மிஷேல், குதிரைப் பந்தயத் திடலில் ஒரு பெண்ணின் கைப்பையிலிருந்து பணம் எடுப்பதில் கதை தொடங்குகிறது. அவன் ஏழைதான், ஆனால் ஏழ்மை அவனைத் திருடச் சொல்லவில்லை. கல்வியுண்டு, உதவ நண்பனுண்டு, வேலை தேடித்தரவும் ஆளுண்டு. ஆற்றல் மிக்க சிலர் சட்டத்துக்கு மேற்பட்டவர் என்று அவன் ஒரு கொள்கை வைத்திருக்கிறான். நோயுற்ற தாயைப் பார்க்கக்கூட மனமில்லாமல் காலம் கடத்துகிறான். இவனுக்காக இரங்க நமக்கு எந்தச் சலுகையும் தரப்படவில்லை.

நடிகர் என்ற சொல்லையே பிரெஸோன் தள்ளிவிட்டவர். தம் படங்களில் தோன்றுவோரை 'மாதிரிகள்' என்றே அழைத்தார். அவர்கள் முகம் சுளிப்பதில்லை. முகம் மூடிக்கிடக்க, கைகளே பேசுகின்றன. லியோன் இரயில் நிலையத்தில் மிஷேலும் கூட்டாளிகளும் பணப்பைகளைக் கைக்குக் கை மாற்றும் காட்சி ஒரு நடனம் போன்றது. இதற்கென்று கஸ்ஸாகி என்ற கைவித்தைக்காரரையே பிரெஸோன் அமர்த்திக்கொண்டார். படத்திலும் அவர் தோன்றுகிறார். அந்தக் காட்சியில் நாம் மகிழ்ந்தோம். தெ சிக்காவின் படத்தில் திருடனுக்காக இரங்கினோம். இங்கோ திருட்டையே இரசித்தோம். இந்த இரசனை நம்மைப் பற்றிச் சொல்லும் செய்தி இனியதன்று. திருடனுக்கும் நமக்குமிடையே இருந்த வேலி வறுமை மட்டுமன்று என்பதை அது காட்டிவிடுகிறது. அவனுடைய செருக்கும் நமக்குள்ளே இருந்திருக்கிறது.

முடிவில் மிஷேல் சிறையில் இருக்கிறான். அவனுடைய தாயைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட ழான் என்ற பெண் அவனைப் பார்க்க வருகிறாள். கம்பிகளுக்கு இடையே இரு முகங்கள் தொட்டுக்கொள்கின்றன. இந்த மனமாற்றம் திடீரென்று வருகிறது, அதற்குரிய காரணம் காட்டப்படவில்லை என்று குறை சொல்வோர் உண்டு. நமக்கு அது குறையாகப் படவில்லை. தகுதி பார்த்து வருவதற்குப் பெயர் கூலி, அருள் அன்று. 1995-இல், திரைப்படத்தின் நூற்றாண்டையொட்டி வத்திக்கான் 45 படங்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. தெ சிக்காவின் படம் அதில் உண்டு. பிரெஸோனின் படம் ஒன்றுகூட இல்லை. அருளைப் பற்றி இவ்வளவு ஆழமாகச் சிந்தித்த ஒரு கலைஞர் விடுபட்டது நமக்கு இன்றும் வியப்பே.

பிரெஸோனிடம் நமக்குள்ள குறை வேறு. அவர் படத்தில் பணத்தை இழந்தவருக்கு முகமில்லை. ஒரு சட்டைப்பை, ஒரு கைக்கடிகாரம், மடித்து வைத்த ஒரு செய்தித்தாள் — அவ்வளவுதான். போன பணம் யாருடைய மாதச் சம்பளமோ, யாருடைய மருந்துச் செலவோ? மிஷேலின் ஆன்மாவைக் காப்பதில் முனைந்த இயக்குநர் அந்த மனிதரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மரியா உருவிய விரிப்புகளை நாம் மறக்கவில்லையாதலால் இந்தக் குறை நமக்கு உறுத்துகிறது. குற்றவாளிக்கு முகம் கொடுக்கப் புகுந்தவர், குற்றத்துக்கு ஆளானவரின் முகத்தை அழித்துவிடலாமா?

இந்த இரு கேள்விகளையும் ஒருங்கே சுமந்தவர் போலந்து நாட்டுக் கிறிஸ்தோஃப் கீஸ்லோவ்ஸ்கி. வழக்கறிஞர் பியெசியெவிச்சுடன் சேர்ந்து, பத்துக் கட்டளைகளை மனத்தில் கொண்டு போலந்துத் தொலைக்காட்சிக்காகப் பத்துப் படங்களை எழுதி உருவாக்கினார். வத்திக்கானின் பட்டியலில் இந்த வரிசையும் உண்டு. கொலையை விலக்கும் ஐந்தாம் கட்டளைக்குரியதை விரித்து, 'கொலை பற்றி ஒரு குறும்படம்' என்ற பெயரில் திரையரங்குக்கும் அளித்தார். 1988-இல் கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் பரிசு பெற்ற படம் அது.

யாசெக் என்ற இளைஞன், முன்பின் அறியாத ஒரு வாடகைக்கார் ஓட்டுநரைக் கொல்கிறான். ஏன் என்று படம் சொல்லவில்லை. கொல்லப்படுபவரும் நல்லவரல்லர், காத்திருக்கும் பயணிகளை வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போகிறவர், இளம்பெண்ணைத் தகாத பார்வை பார்க்கிறவர். ஆனால் அவரே தெருநாய் ஒன்றுக்குத் தம் உணவைக் கொடுக்கிறார். யாசெக்கும், கொலைக்குச் சற்று முன்பு, தேநீர்க்கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்ற இரு சிறுமிகளைச் சிரிக்க வைக்கிறான். நல்லதும் தீயதும் இருவரிடமும் இருக்கின்றன. கொலைக் காட்சி பார்க்கமுடியாத அளவுக்கு நீள்கிறது. கயிற்றால் கழுத்தை இறுக்குகிறான், உயிர் போகவில்லை. இறுதியில் அந்த மனிதரின் முகத்தைப் போர்வையால் மூடிவிட்டுக் கல்லால் அடிக்கிறான். முகத்தைப் பார்த்துக்கொண்டு அவனால் அடிக்க முடியவில்லை!

வழக்கு விசாரணையைக் கீஸ்லோவ்ஸ்கி காட்டவேயில்லை. நேரே தீர்ப்புக்குப் போய்விடுகிறார். தூக்குமேடை ஆயத்தமாகிறது. பொறியின் சக்கரத்துக்கு எண்ணெய் இடுகிறார்கள். கதவு சரியாகத் திறக்கிறதா என்று சோதிக்கிறார்கள். எல்லாம் ஒழுங்காக, அலுவலக முறைப்படி நடக்கிறது. அதற்கு முன் யாசெக் தன் இளம் வழக்கறிஞரிடம் பேசுகிறான். அவனுடைய தங்கைக்குப் பன்னிரண்டு வயது. அவனோடு குடித்த நண்பன் ஓட்டிய டிராக்டரில் அகப்பட்டு இறந்தாள். புதுநன்மை உடையில் அவள் நிற்கும் கசங்கிய நிழற்படத்தைத்தான், கொலை செய்த அன்று, பெரிதாக்கித் தரும்படி ஒரு கடையில் கொடுத்திருந்தான். தந்தையும் தங்கையும் கிடக்கும் இடத்திலேயே தன்னையும் அடக்கம் செய்யவேண்டும் என்பது அவனுடைய கடைசி வேண்டுதல். பிறகு மீண்டும் ஒரு கயிறு.

இது கொலையைக் கொள்கையால் மழுப்பும் படமன்று. தங்கையின் கதை குற்றத்துக்கு விளக்கமாகவும் தரப்படவில்லை. தீர்ப்பு எழுதப்பட்ட பிறகே அதை நாம் கேட்கிறோம். காரணம் தெரிந்து இரங்கும் வசதியைத் தெ சிக்கா தந்தார், கீஸ்லோவ்ஸ்கி தரவில்லை. பிரெஸோன் மறந்த அந்த இன்னொரு முகத்தை இவர் மறக்கவில்லை. ஓட்டுநரின் மரணத்தை இத்தனை கொடுமையாகக் கண்ட பிறகே யாசெக்கின் மரணத்தையும் காணச் செய்கிறார். முதல் மரணத்துக்கு இரண்டாம் மரணம் ஈடாகும் என்று சொல்ல நம் நா எழவில்லை. இரண்டும் சேர்ந்து இரண்டு பிணங்கள், அவ்வளவே.

போலந்தில் கடைசி மரண தண்டனை 1988 ஏப்ரலில் நிறைவேற்றப்பட்டது. 1997-இல் இயற்றப்பட்டு 1998-இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டம் அத்தண்டனையை நீக்கியது. ஒரு படம் சட்டத்தை மாற்றிற்று என்று சொன்னால் மிகையாகும். அரசியலும் வரலாறும் அங்கே வேகமாக மாறிக்கொண்டிருந்தன. திருச்சபையும் இந்தப் பாதையில் மெல்லத்தான் நடந்தது. மரண தண்டனை ஏற்கத்தக்கதன்று என்று மறைக்கல்வி நூலைத் திருத்தந்தை பிரான்சிஸ் திருத்தி அமைத்தது 2018-இல்தான். கலைஞன் முப்பதாண்டு முன்னரே அந்த அறையின் கதவைத் திறந்து, உள்ளே பார் என்று நம்மை அழைத்திருந்தான்.

ஆக, மூன்று இயக்குநரிடமும் நாம் கற்றது ஒன்றே: தீர்ப்பிடுவதற்கு முன் முகத்தைப் பார். முகத்தைப் பார்த்தால் குற்றம் இல்லாமற் போய்விடாது; அந்தோனியோ திருடியது திருட்டுத்தான், யாசெக் செய்தது கொலைதான். ஆனால் குற்றம் செய்தவனும் அதற்கு ஆளானவனும் நம்மைப்போல் முகமுடையோர் என்று கண்டபின், வழிப்போக்கராய் நின்று ஓர் அடி அடித்துவிட்டுப் போவது இயலாது. நின்று பார்த்துவிட்டுப் போவதும் இயலாது. இந்தப் பாடம் சமயநூலில் இல்லாததன்று. ஆனால் அதை நமக்குள் இறக்கியது இருண்ட மண்டபம்தான் என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை.

அந்தக் கடைத்தெருவை நாம் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு. கயிறு நினைவிருக்கிறது, புதுக் கயிறு, மஞ்சள் நிறம். விளக்குக் கம்பம் நினைவிருக்கிறது. அடித்தவர்களில் இரண்டு மூன்று பேரையும் நன்றாக நினைவிருக்கிறது. அந்த இளைஞனின் முகம் மட்டும் எவ்வளவு முயன்றும் நினைவுக்கு வரவில்லை.