முன்பக்கம் திறக்கும் உறை

பெரிய ரிவால்வரை மறைத்துச் சுமக்க நினைப்பவர்கள் முதலில் குழலின் நீளத்தைப் பார்த்துத்தான் மலைக்கிறார்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 29. 6.5 அங்குலக் குழல். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஏறக்குறைய 12 அங்குலம். தோட்டா இல்லாமலே சுமார் 1.3 கிலோ. மலைப்பு நியாயம்தான். ஆனால் குழல் அவ்வளவு எளிதில் யாரையும் காட்டிக்கொடுக்காது. அது தொடையோடு ஒட்டிக் கிடக்கும். கோட்டு இடுப்புக்குக் கீழே ஒரு சாண் இறங்கினால் அதன் கவலை விட்டது. காட்டிக்கொடுப்பது பிடி. தரையில் விழுந்த சாவியை எடுக்கக் குனிந்தால் துணியைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு நிற்பது அதுதான். அடுத்த தொல்லை சிலிண்டர். இந்தப் பெரிய சட்டத்துக்குப் பெயர் என்-ஃபிரேம், அதன் சிலிண்டரின் விட்டம் 1.7 அங்குலம், அந்தப் பருமனை எங்கே வைத்தாலும் விலா எலும்பையோ இடுப்பெலும்பையோ போய் இடிக்கும்.

பிடி உடம்போடு ஒட்ட வேண்டுமானால் உறையை உயர்த்திக் கட்ட வேண்டும், முன்னோக்கிச் சாய்க்கவும் வேண்டும். இது எல்லா உறைக் கைவினைஞர்களுக்கும் தெரியும். உயர்த்திக் கட்டினால் வேறொரு வினை வருகிறது. அவ்வளவு நீளமான குழலும், அதன் நுனியில் நிற்கும் குறிமுள்ளும் உறையின் வாயைத் தாண்டி வெளியே வரக் கை அக்குள்வரை ஏறியாக வேண்டும். கோட்டுப் போட்டவனுக்கு, அதுவும் காரில் உட்கார்ந்திருப்பவனுக்கு, முழங்கை அவ்வளவு தூரம் போகாது. தாழ்த்திக் கட்டினால் பிடி விலகுகிறது, கோட்டின் விளிம்புக்குக் கீழே உறையின் நுனி எட்டிப் பார்க்கிறது. இந்த முடிச்சை அவிழ்த்தவர்களில் என் மனத்தில் முதலிடம் பெர்ன்ஸ்-மார்ட்டினுக்கு. இரண்டாமிடத்தில் யாரை வைப்பது என்பதில்தான் எனக்கு யோசனை.

1930களில் வாஷிங்டன் மாநிலத்துப் பிரெமர்ட்டனில், கடற்படைத் தளம் உள்ள அந்த ஊரில், தொடங்கிய பெயர் அது. பிற்காலத்து உறைகளில் மிசிசிப்பியின் கால்ஹூன் சிட்டி என்றும் ஜார்ஜியாவின் எல்பர்ட்டன் என்றும் முத்திரை இருக்கும். சேகரிப்பவர்கள் எந்த ஊர் முத்திரை உயர்ந்தது என்று வாதாடுவார்கள். எனக்கு ஊரைவிடத் தையல் முக்கியம். அவர்கள் செய்த காரியம் கேட்பதற்குச் சின்னது: உறையின் முன் ஓரத்தைத் தைக்காமல் விட்டார்கள். தோலின் மடிப்புக்குள்ளே ஒரு தட்டையான எஃகு ஸ்பிரிங்கை வளைத்து வைத்துத் தைத்தார்கள். அந்த ஸ்பிரிங் சிலிண்டரை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடித்துக்கொள்கிறது. கை பிடியைப் பற்றி முன்னால் தள்ளினால் தோல் விலகி வழிவிடுகிறது, துப்பாக்கி முன்பக்கமாக வந்துவிடுகிறது. மேலே தூக்கும் வேலையே இல்லை. நான்கு அங்குலக் குழலுக்கும் ஏழரை அங்குலக் குழலுக்கும் கையின் பயணம் ஒன்றுதான். குறிமுள் தோலில் உரசுவதும் இல்லை. அது திறந்திருக்கும் ஓரத்தின் வழியே சும்மா வெளியேறுகிறது.

நான் மீண்டும் மீண்டும் வியப்பது அந்த ஸ்பிரிங் எதைப் பிடிக்கிறது என்பதை. மற்றக் கைவினைஞர்கள் எல்லோரும் சிலிண்டரின் பருமனை எப்படிக் குறைத்துக் காட்டலாம், எந்தப் பள்ளத்தில் ஒளிக்கலாம் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, இவர்கள் அந்தப் பருமனையே பிடிமானம் ஆக்கிக்கொண்டார்கள். வார் இல்லை, பொத்தான் இல்லை, கட்டைவிரலால் தட்டி விடவேண்டிய எதுவும் இல்லை. துப்பாக்கியின் உருண்டையான இடுப்பே அதைத் தாங்குகிறது. நல்ல நிலையில் உள்ள பழைய பெர்ன்ஸ்-மார்ட்டின் உறையில் தோட்டா நீக்கிய துப்பாக்கியை வைத்து, மெத்தைக்கு மேலே தலைகீழாகப் பிடித்து உதறிப் பாருங்கள். அசையாது. பிறகு சரியான திசையில் மெல்லத் தள்ளுங்கள். அந்த விடுபடுதலில் உள்ள இலகுத்தன்மைக்காகவே இந்த உறைகளைத் தேடி அலைந்திருக்கிறேன்.

இந்தப் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் ஜேம்ஸ் பாண்ட் நாவல்களை எழுதிய இயன் ஃப்ளெமிங் என்பதில் எனக்கு மகிழ்ச்சியும் வருத்தமும் உண்டு. கிளாஸ்கோவைச் சேர்ந்த துப்பாக்கி ஆர்வலர் ஜெஃப்ரி பூத்ராய்டு 1956-இல் அவருக்குக் கடிதம் எழுதி, பாண்டின் கையில் இருப்பது சரியான ஆயுதம் இல்லை, ஒரு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வரும் பெர்ன்ஸ்-மார்ட்டின் உறையும் கொடுங்கள் என்றார். 1958-இல் வந்த ‘டாக்டர் நோ’ நாவலில் ஃப்ளெமிங் உறையை வைத்துக்கொண்டு துப்பாக்கியை வால்தர் பிபிகே ஆக்கிவிட்டார். சிலிண்டரே இல்லாத துப்பாக்கியை அந்த ஸ்பிரிங் எங்கே பிடிக்கும்? பூத்ராய்டு சொன்னது ஒரு ஜோடி. ஜோடியைப் பிரித்ததில் உறையின் முழு அறிவும் போய்விட்டது. இன்றும் பெர்ன்ஸ்-மார்ட்டின் என்றதும் பாண்டைப் பற்றியே பேசுகிறார்கள். அந்த ஸ்பிரிங்கைப் பற்றிப் பேச ஆளில்லை.

தோள் உறைக்காரர்களோடு எனக்கு நெடுநாளைய வழக்கு. 1971-இல் ‘டர்ட்டி ஹாரி’ படம் வந்ததிலிருந்து, பெரிய ரிவால்வர் என்றால் கோட்டுக்குள் அக்குளுக்குக் கீழேதான் தொங்க வேண்டும் என்று ஒரு தலைமுறையே முடிவு கட்டிவிட்டது. அதில் நடித்த கிளின்ட் ஈஸ்ட்வுட் ஆறடிக்கு மேல் உயரம். அவருடைய விலாவில் தொங்குகிற பொருள் என் விலாவில் தொங்கினால் குழலின் நுனி இடுப்பெலும்பில் குத்துகிறது. 1.3 கிலோவை ஒரு தோள்பட்டை நாள் முழுக்கத் தாங்கினால் மாலையில் கழுத்து வலிக்காமல் இருக்காது. எடையைச் சுமக்க மனித உடம்பில் இடுப்பைவிட நல்ல இடம் இல்லை. இருந்தாலும் ஜான் பியாங்கியின் எக்ஸ்-15 உறைக்கு நான் தலை வணங்குவேன். செங்குத்தாகத் தொங்கும் அந்த உறையும் முன்பக்கம் திறப்பதுதான், ஸ்பிரிங்கால் மூடிக்கொள்வதுதான். தடித்த குளிர்காலக் கோட்டுக்குள்ளே, நீண்ட கார்ப் பயணத்தில், பெல்ட்டில் எதுவும் இடிக்காமல் உட்கார வேண்டும் என்றால் நான் அதைத்தான் எடுப்பேன். அடிப்பகுதியைப் பெல்ட்டோடு பிணைக்கும் வாரை மட்டும் கழற்றி எறிந்துவிடக் கூடாது. பலர் எறிந்துவிட்டு, உறை ஆடுகிறது என்று குறை சொல்கிறார்கள். கிடைமட்டமாகத் தொங்கும் வகையைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமே இல்லை. 6.5 அங்குலக் குழல் முதுகுத் துணியைத் தள்ளிக்கொண்டு, வரிசையில் பின்னால் நிற்பவரை நோக்கி நீட்டிக்கொண்டிருப்பது மறைவும் ஆகாது, மரியாதையும் ஆகாது.

டாம் த்ரீபர்சன்ஸ் உறையை விரும்புபவர்கள் இன்னொரு கூட்டம். எல் பாசோவின் எஸ்.டி. மையர்ஸ் பட்டறையில் பிறந்த அந்த வெட்டு, தேவையில்லாத தோலையெல்லாம் கழித்துவிட்டு எலும்பும் நரம்புமாக நிற்கும். அழகில் அதை மிஞ்ச எதுவும் இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விசைக்காப்பு முழுக்க வெளியே இருக்கிறது. குளிரில் விறைத்த விரலோ கோட்டின் உள்துணியோ போய் மாட்டக்கூடிய இடத்தில் விசை திறந்து கிடப்பதை என்னால் ஏற்க முடியாது. அந்தக் காலத்து எல்லைக் காவலர்கள் அப்படித்தான் சுமந்தார்கள் என்பார்கள். அவர்கள் கோட்டுக்குள் ஒளித்தார்களா என்று கேட்டால் பதில் வராது.

இரண்டாமிடம் யாருக்கு என்றேன். ஆர்கன்சாவின் மக்னோலியாவில் ராய் பேக்கர் செய்த பான்கேக் உறைக்குக் கொடுக்கலாம். இரண்டு தோல் துண்டுகள் துப்பாக்கியின் இருபுறமும் தட்டையாகப் பரவி, ஓரங்களில் பெல்ட்டுக்கு மூன்று துளைகள். பெல்ட்டை இறுக்கும்போது இரு சிறகுகளும் இடுப்பின் வளைவோடு படிந்து, பிடியை உடம்புக்குள் இழுத்துக்கொள்கின்றன. எந்த இரண்டு துளைகளைப் பயன்படுத்துகிறோமோ அதைப் பொறுத்துச் சாய்வு மாறுகிறது. நான்கு அங்குலக் குழலுக்கு இதைவிட நல்ல விடை கிடையாது. துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத் மாதிரி ஓர் ஆளே நான்கு அங்குலக் குழலைத்தான் தினமும் சுமந்தார் என்று பான்கேக் அன்பர்கள் எனக்கு நினைவூட்டுவார்கள். சரிதான். ஆனால் பான்கேக்கிலிருந்து நீண்ட குழலை உருவும்போது கை மறுபடியும் அக்குளுக்குப் போகிறது. என் சண்டை அந்த இரண்டரை அங்குலத்துக்காக.

காற்சட்டைக்குள் செருகும் உறைகளில் புரூஸ் நெல்சன் வடிவமைத்து, ஐடஹோவின் மில்ட் ஸ்பார்க்ஸ் பெயர் பெற்றுத் தந்த சம்மர் ஸ்பெஷல் அருமையான வேலை. துப்பாக்கியை எடுத்த பிறகும் வாய் மூடிக்கொள்ளாமல் இருக்க அதில் ஓர் உலோகப் பட்டை உண்டு. தட்டையான தானியங்கிக்கு அது பொருந்துவதுபோல என்-ஃபிரேமுக்குப் பொருந்தாது. 1.7 அங்குல உருளையை இடுப்புக்கும் துணிக்கும் நடுவே வைத்துக்கொண்டு ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து பாருங்கள்.

உறைக்கான தோல் எனக்குச் சின்ன வயதிலேயே மூக்கில் ஏறிய வாசனை. வாணியம்பாடிப் பக்கத்தில் வளர்ந்தவன் நான். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் ஊறும் தொட்டிகளைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம். கிழக்கிந்தியத் தோல் என்று வெளிநாட்டுக்குப் போன சரக்கு அது. துப்பாக்கி உறைக்கு ஆகும் தடிமன் அதற்குக் கிடையாது என்றாலும் குடும்பம் ஒன்றுதான். 1970களில் பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு எங்கள் பக்கம் குரோமியத்துக்கு மாறியது, பட்டைத் தொட்டிகள் குறைந்தன. உறையைப் பொறுத்தவரை அந்த வித்தியாசம் உயிர்நாடி. பட்டையில் பதனிட்ட தோலை நனைத்து, துப்பாக்கியின் மேல் அழுத்தி, எலும்புக் கருவியால் விளிம்புகளைத் தேய்த்து உலர விட்டால் அந்த வடிவத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். குரோமியத் தோல் பிடித்துக்கொள்ளாது. அதிலுள்ள உப்பு எஃகின் நீலப் பூச்சையும் அரிக்கும். பட்டைத் தோலிலும் துப்பாக்கியை மாதக்கணக்கில் வைத்துப் பூட்டக் கூடாது. சுமக்கும்போது உறை, வீட்டில் பெட்டகம்.

டெக்சாசுக்கு வந்த புதிதில் கண்காட்சி மேசைகளில் செயின்ட் லூயிஸின் ஹெர்மன் ஓக் தோலில் செய்த உறைகளை விரலால் தட்டிப் பார்ப்பேன். சுமார் 3 மில்லிமீட்டர் தடிமன், இரண்டு ஊசி போட்டுக் கையால் இழுத்த தையல், மெழுகு தேய்த்துப் பளபளக்கும் விளிம்பு. இப்போது அதே மேசைகளில் ரப்பர் மெத்தைக்கு நடுவே வைத்து எந்திரத்தால் அழுத்திய உறைகள். துப்பாக்கியின் ஒவ்வொரு திருகும் தோலில் தெரிகிற அளவுக்குப் பதிக்கிறார்கள், வாங்குபவர்களும் அந்தக் கூர்மையைத் தரம் என்று நினைக்கிறார்கள். விரலால் தட்டினால் வயிற்றுப்பகுதித் தோல் என்று உடனே தெரிகிறது. ஒரு வருடத்தில் நெகிழ்ந்து போகும். நைலானில் ‘பெரிய ரிவால்வர், எல்லா மாடலும்’ என்று ஒரே அளவில் விற்பதைப் பார்க்கும்போது உண்மையிலேயே மனம் நோகிறது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி விட்டம் இருக்கிறது என்பதை எப்படி மறக்க முடியும்?

கைடெக்ஸ் பிளாஸ்டிக் உறை பற்றி நியாயமாகப் பேச வேண்டும். வியர்வையை அது குடிக்காது, மழையில் வீங்காது, துப்பாக்கியை எடுத்த பிறகும் விறைப்பாக நிற்கும். வெயில் ஊரில் தினமும் சுமக்கும் இளைஞர்களுக்கு அது வசதி என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நீலம் பூசிய பழைய எஃகை அது உரசி உரசி வெளுக்க வைக்கும். பழைய என்-ஃபிரேமின் நீலம் ஒருமுறை போனால் அதே ஆழத்தில் திரும்ப வருவதில்லை.

இன்னொரு குறையும் உண்டு, அது தோலைப் பற்றியது அல்ல. டெக்சாசில் 2016 முதல் உரிமம் உள்ளவர்கள் இடுப்பில் வெளிப்படையாகவே மாட்டிக்கொண்டு போகலாம் என்று ஆனது. அதன் பிறகு மறைப்பதில் இருந்த பிடிவாதம் தளர்ந்துவிட்டதாக எனக்குப் படுகிறது. முன்பெல்லாம் ஒரு கைவினைஞரிடம் போனால் எந்தக் கோட்டு, வலது இடுப்பெலும்பு எந்த உயரம், காரில் எவ்வளவு நேரம் உட்காருவீர்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் அளவு நாடாவை எடுப்பார். பெல்ட்டின் அகலத்தைக் கேட்காமல் துளை வெட்டவே மாட்டார். 1.5 அங்குலப் பெல்ட்டுக்கு 1.75 அங்குலத் துளை விட்டால் உறை முன்னும் பின்னும் ஆடி, சாய்வு முழுக்கக் கெட்டுவிடும் என்பது அவருக்குத் தெரியும். இப்போது துப்பாக்கியின் பெயரை மட்டும் கேட்கிறார்கள்.

சென்ற ஆண்டு ஒரு கடையில், பெயர் வேண்டாம், பழைய பெர்ன்ஸ்-மார்ட்டின் ஒன்று காட்சிக்கு இருந்தது. கே-ஃபிரேமுக்காகச் செய்தது, சிறிய சிலிண்டர். அதில் என்-ஃபிரேமைத் திணித்து வைத்திருந்தார்கள், பார்வைக்கு எடுப்பாக இருக்கும் என்று. ஸ்பிரிங் விரிந்து, மடிப்பில் தையல் இரண்டு இடத்தில் அறுந்திருந்தது. விற்றவர் அதையும் பழமையின் அடையாளம் என்றார்.

முன்பக்கம் திறக்கும் உறையை இன்றும் ஒன்றிரண்டு கைவினைஞர்கள் சொன்னால் செய்து தருகிறார்கள். அவர்களிடம் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் மூன்று. ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காந்தமோ எலாஸ்டிக்கோ போதும் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். துப்பாக்கியின் மாதிரி அச்சை வைத்து அளவெடுக்காமல், முடிந்தால் உங்கள் துப்பாக்கியையே தோட்டா நீக்கிக் கொண்டுபோய்ச் சிலிண்டரை அளக்கச் சொல்லுங்கள். சாய்வு 15 பாகைக்கு மேல் போக வேண்டாம். அதற்கு மேல் சாய்த்தால் பிடி நன்றாக ஒளியும், ஆனால் முன்னால் தள்ளும்போது மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும். நான்கு அங்குலக் குழல் வைத்திருப்பவர்கள் இவ்வளவு பாடுபட வேண்டியதில்லை, ஒரு நல்ல பான்கேக் வாங்கிக்கொள்ளலாம்.