பனியும் பந்தியும்

தாமஸ் மன் எழுதிய 'மந்திர மலை' என்ற நாவலைப் பாதியில் மூடி வைத்துவிட்டவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். "எல்லோரும் சாப்பிடுகிறார்கள், படுத்துக்கொள்கிறார்கள், பேசுகிறார்கள். வேறு என்ன நடக்கிறது?" என்கிறார்கள். குற்றச்சாட்டு உண்மைதான். ஆனால் நாவலின் விஷயமே அதுதான் என்று எனக்குப் படுகிறது.

1924-ல் வெளிவந்த நூல். ஹாம்பர்க் நகரத்து இளைஞன் ஹான்ஸ் காஸ்டார்ப், ஸ்விட்ஸர்லாந்தில் டாவோஸ் மலைமேல் க்ஷயரோக ஸானடோரியத்தில் இருக்கும் உறவினனைப் பார்க்கப் போகிறான். மூன்று வாரம் தங்க உத்தேசம். ஏழு வருஷம் தங்கிவிடுகிறான். 1914 யுத்தம்தான் அவனைக் கீழே இறக்குகிறது. பெயர்தான் ஸானடோரியம், நடப்பெல்லாம் பெரிய ஹோட்டல். தினம் ஐந்து வேளை பந்தி. நடுவில் பால்கனியில் ஒட்டக ரோமக் கம்பளி இரண்டைச் சுற்றிக்கொண்டு படுக்கை. வெளியே பனி.

அந்தப் பனியைப் பார்க்காமல் இந்த நாவலைப் புரிந்துகொள்வது நமக்குக் கொஞ்சம் கஷ்டம். நம் ஊர்ப் பனி மார்கழி விடியலில் வரும். எட்டு மணிக்குள் ஓடிவிடும். அது மாதத்தைச் சொல்லும், வேளையைச் சொல்லும். அங்கே உள்ள பனி இரண்டையும் மறைத்துவிடுகிறது. நாவலில் ஆகஸ்டு மாதத்திலேயே அது பெய்கிறது. பிரயாணத்தில் ஒரு குளிர்காலம் டாவோஸுக்கு மேலே ஷாட்ஸால்ப் ஹோட்டலில் இரண்டு இரவு தங்கினேன். 1900-ல் பணக்கார நோயாளிகளுக்காகக் கட்டிய ஸானடோரியம் அது. 1950-களில் ஹோட்டலாக மாறியது. குளிர்காலத்தில் அங்கிருந்து பிணங்களைச் சறுக்குவண்டியில் கீழே அனுப்புவார்கள் என்று நாவலில் ஒரு பேச்சு வருகிறது. இரண்டாம் நாளே இன்று என்ன கிழமை என்று யோசிக்க வேண்டியிருந்தது. வேளா வேளைக்குச் சாப்பாடு, ஜன்னலுக்கு வெளியே வெள்ளை. மூன்று வாரம் ஏழு வருஷமாவது எப்படி என்று கேட்கத் தோன்றவில்லை.

ஆனால் தாம்பரத்துக்காரனுக்கு இந்த நாவலோடு ஒரு வழக்கு உண்டு. எங்கள் ரயில் நிலையத்துக்கே 'ஸானடோரியம்' என்று பெயர். டாக்டர் சௌரி முத்து 1928-ல் இங்கே க்ஷயரோக ஆஸ்பத்திரி தொடங்கினார். அதற்கு முன் அவர் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் ஸானடோரியம் நடத்தியவர். 1917-ல் கணித மேதை ராமானுஜன் அங்கேதான் அவரிடம் சிகிச்சைக்குப் போனார். 1937-ல் தாம்பரம் ஆஸ்பத்திரியை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. இங்கே பனிமலை கிடையாது, ஐந்து வேளை பந்தி கிடையாது. க்ஷயம் என்றால் கூலி போயிற்று, பெண்ணின் கல்யாணம் நின்றது என்று அர்த்தம். அண்டை வீட்டுக்குத் தெரியாமல் மறைக்க வேண்டிய சமாசாரம். காஸ்டார்ப்போ, பூர்வீகச் சொத்தின் வட்டியைக் கணக்குப் போட்டு, கட்டுப்படியாகும் என்று கண்டுகொண்டு நோயாளியாக இருக்கிறான்! பணம் இல்லாத நோயாளிக்கு இந்தப் பெரிய நாவலில் ஓரத்தில்தான் இடம். அந்தக் கம்பளிகளை வெளுத்தவர்களுக்கோ இடமே இல்லை. இதைக் குறை என்றுதான் சொல்வேன்.

ஆனாலும் மன் தம் பாத்திரங்களிடம் ஏமாந்துபோகவில்லை. 'பனி' என்ற அத்தியாயத்தில் காஸ்டார்ப் பனிச்சறுக்கப் போய்ப் புயலில் சிக்கிக்கொள்கிறான். கடலோரத்து அழகிய மனிதர்களைக் கனவில் காண்கிறான். அவர்களுடைய கோவிலுக்குள்ளே நடக்கும் கோரத்தையும் காண்கிறான். அன்பின் பொருட்டு, சாவுக்குத் தன் எண்ணங்களை ஆளவிடலாகாது என்று தெளிகிறான். இங்கே நிறுத்தியிருந்தால் உபதேசமாகியிருக்கும். மன் அவனைப் பிழைக்க வைத்து, ஸானடோரியத்துக்குத் திருப்பி அனுப்பி, ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார வைக்கிறார். பிரமாதமாகச் சாப்பிடுகிறான், தெளிந்தது அன்றைக்கே மங்கத் தொடங்குகிறது. அந்தச் சாப்பாடுதான் நாவலின் உச்சம். சௌகரியம் ஞானத்தை விழுங்கும் விதத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

மலை ஹோட்டல்களைக் காலி செய்தவை மருந்துகள். அதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம், மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டிலிருந்தபடியே ஏறக்குறைய ஸானடோரியத்தில் குணமாகிற அளவுக்குக் க்ஷயம் குணமாகும் என்று காட்டியது. 1959-ல் அந்த முடிவு வெளியாயிற்று. நெருக்கடியான வீடுகளில், அரைவயிற்றுச் சாப்பாட்டில் இருந்த ஏழைகளிடம் கண்ட முடிவு அது. மன்னின் நாவலில் ஓரத்தில் மட்டுமே இடம்பெற்றவர்கள்தான் அந்த மலையின் மந்திரத்தை முறித்தார்கள்.

அதற்காக நாவலை ஒதுக்க வேண்டியதில்லை. வியாதி போனாலும், சும்மா இருப்பதன் சுகம் போகவில்லை. பாதியில் மூடியவர்கள் 'பனி' அத்தியாயத்தை மட்டுமாவது எடுத்துப் படிக்கலாம். கடைசியில் வரும் சாப்பாட்டை விட்டுவிட வேண்டாம்.