சிம்னிக்குச் சுற்றிய பட்டை

முகையூர்ப் பக்கம் தென்பெண்ணையில் தண்ணீர் ஓடும் நாளில் ஒரு சவுக்குக் கழியை ஊன்றிப் பாருங்கள். வெள்ளம் வேண்டாம், முழங்காலளவு ஓட்டம் போதும். ஆறு கிழக்கே இழுக்கும். கழியோ வடக்கும் தெற்குமாக ஆடும். கழிக்குப் பின்னால் சுழிகள் இடமும் வலமுமாக மாறி மாறிக் கழன்று போகின்றன. ஒவ்வொன்றும் போகிறபோது தன் பக்கம் ஓர் இழுப்பு இழுத்துவிட்டுத்தான் போகிறது.

கரும்பாலையின் இரும்புச் சிம்னிக்கும் இதே கதிதான், தண்ணீருக்குப் பதில் காற்று. விட்டம் 2 மீட்டர், நொடிக்கு ஒருமுறை அசையும் இயல்பு என்று வைத்துக்கொள்வோம். சுழிகளின் தாளம் அதோடு ஒத்துப்போக நொடிக்கு 10 மீட்டர் காற்று போதும். ஆடி மாதத்தில் அது கேட்காமலே வரும். ஆடத் தொடங்கிய உருளை தன் பின்னே உள்ள சுழல்வெளியையும் அகலமாக்கிக்கொள்கிறது. ஆட்டம் அரை விட்டத்தை எட்டினால் இழுவை இரு மடங்காகும்.

1950களில் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் கிறிஸ்டோபர் ஸ்க்ரூட்டன் குழு கண்ட மருந்து, சிம்னியின் மேல் மூன்றிலொரு பங்கில் திருகாணி மறைபோல மூன்று பட்டைகளைச் சுற்றுவது. பட்டையின் உயரம் விட்டத்தில் பத்தில் ஒன்று. மேலே ஒரு நேரம், கீழே ஒரு நேரம் என்று சுழி கழல்வதால் இழுப்புகள் ஒன்றுசேர முடிவதில்லை. தேய உறுப்பில்லை, எண்ணெய் கேட்காது. இவ்வளவு எளிய வைத்தியம் பொறியியலில் அபூர்வம்.

ஆனால் வழவழப்பான பெரிய சிம்னிக்கு 0.7 அளவில் இருக்கும் இழுவை எண், பட்டை சுற்றினால் 1.2 ஆகிறது. காற்று மோதும் அகலமும் ஐந்திலொரு பங்கு கூடுகிறது. ஆக, பட்டை சுற்றிய பகுதியில் சுமை இரட்டிப்பு. நம் பக்கம் தானே (2011), ஃபெஞ்சல் (2024) புயல்கள் வந்த பக்கம். புதுச்சேரிக் கடலோரத்துக்கு இந்தியத் தரநிலை வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். ஆடிக்காற்றைப்போல் ஐந்து மடங்கு வேகம், 25 மடங்கு விசை. அந்த வேகத்தில் சுழிகளின் தாளம் சிம்னியின் தாளத்தைவிட்டு எங்கோ போய்விட்டிருக்கும். பட்டைக்கு அப்போது வேலையே இல்லை, பாரம் மட்டும்தான். சிம்னிகள் நெருங்கி வரிசையாக நின்றால் ஆடிக்காற்றில்கூட அதன் பலன் குறையும்.

புதுச் சிம்னிக்குச் சுற்றலாம், அந்தச் சுமைக்கென்றே அடித்தளம் போடுவதானால். ஆடுகிறதே என்று பழையதில் பட்டையைப் பற்றவைப்பதுதான் எனக்கு உடன்பாடில்லை. உயரழுத்த மின்கம்பியில் கோபுரத்தருகே டம்பெல் போல ஓர் எடை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஆட்டத்தை வாங்கித் தின்னும், காற்றுக்குப் பெரிதாக முகம் காட்டாது. அடித்தள வரைபடம் தொலைந்துபோன சிம்னியென்றால், அதன் உச்சியிலும் அப்படியோர் எடையைத்தான் நான் கேட்பேன்.