ஆராய்ச்சியும் பாடங்கேட்டலும்

சாத்தான்குளத்தை நடுவாக வைத்துச் சுற்றுப்புறத்தை நோக்குவார்க்கு ஒரு சிறப்புப் புலனாகும். நேர் வடக்கே தாமிரவருணிக் கரையில் உள்ள திருவைகுண்டம் குமரகுருபர சுவாமிகள் தோன்றிய ஊர். வடகிழக்கே உள்ள புன்னைக்காயல், போர்ச்சுகல் நாட்டினின்றும் போந்து தமிழ் பயின்று, 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலை அச்சிடுவித்த அன்றீக்கு அடிகளார் வாழ்ந்த துறை. அதற்கு அப்பால் சாயர்புரம், போப்பையர் கல்விச்சாலை நிறுவிய இடம். தெற்கே இடையன்குடி, 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் ஐயர் நெடுங்காலம் உறைந்த ஊர். தென்மேற்கே வடக்கன்குளம், தனிநாயக அடிகளார் தமிழ் நூல்களைப் பாடங்கேட்ட ஊர். இக்காலத்து ஆசியவியல் என்றும் இந்தியவியல் என்றும் பெயர் பெற்றுப் பிறநாட்டுப் பல்கலைக்கழகங்களில் நடைபெறும் தமிழாராய்ச்சிக்கு இச்சிறு நிலப்பகுதி செய்த உதவி பெரிதாம். அவ்வாராய்ச்சியின் நலம் யாது, குறை யாது, குறை நீங்கும் வழி யாது என்பன ஈண்டு ஆராயற்பாலன.

கல்வி முற்றுப்பெறும் முறையை நன்னூலார் பொதுப்பாயிரத்தில் அளந்து கூறியுள்ளார். ஆசிரியன் உரைத்ததை நன்கு கேட்டுக்கொண்டாலும் மாணாக்கனுக்குப் புலமையில் காற்கூறே கைவரும். உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்கூறு வரும். தான் பிறர்க்கு விரித்துரைத்தலால் எஞ்சிய அரைக்கூறு நிரம்பும் என்பது அவர் கருத்து. ஒரு நூலை ஒருமுறை கேட்டு அமையாது, இருமுறையும் மும்முறையும் கேட்க வேண்டும் என்றும் அவர் விதித்தார். இக்காலத்துப் பல்கலைக்கழக ஆராய்ச்சியை இவ்வளவுகோல் கொண்டே அளத்தல் பொருத்தமாம். மாணவர் கூடிக் கட்டுரை படித்து வாதிக்கும் அவை, உடன் பயில்வாரால் வரும் காற்கூற்றைத் தருகின்றது. இளமாணவர்க்கு வகுப்பு நடத்துதலும் ஆய்வேடு எழுதுதலும் விரித்துரைக்கும் அரைக்கூற்றைத் தருகின்றன. ஆசிரியன்பால் நூலை முதல் தொட்டு ஈறுவரை கேட்கும் முதற் காற்கூறோ மிகவும் மெலிந்து காணப்படுகின்றது. அடியில்லாத மாடம் எத்துணை உயர்ந்தும் பயன் என்னை?

முதற்கூறு வலிதாயிருந்தால் விளைவது இது என்பதற்குப் போப்பையர் ஒரு சான்றாவர். 1839இல் தம் பத்தொன்பதாம் வயதில் தமிழகம் போந்த அவர், 1840களில் சாயர்புரத்தில் பணி புரிந்தார். ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் தமிழ் விரிவுரையாளராய் அமர்ந்தது 1884இல். திருக்குறள் மொழிபெயர்ப்பு 1886இலும், நாலடியார் 1893இலும், திருவாசகம் 1900இலும் வெளிவந்தன. தமிழ் மண்ணில் அடியிட்ட நாள் முதல் திருவாசகப் பதிப்பு வரை அறுபது ஆண்டுக்கு மேலாயிற்று. அப்பதிப்பில் உமாபதி சிவாசாரியாரின் திருவருட்பயனையும் அவர் மொழிபெயர்த்துச் சேர்த்தமை, சித்தாந்தம் அறியாமல் திருவாசகம் விளங்காது என்று அவர் உணர்ந்ததைக் காட்டும். தம் சமயச் சொற்களைக் கொண்டே நம் அருட்கொள்கையை அவர் அளந்த இடங்கள் உள. அவை மறுக்கத்தக்கனவே. எனினும், நூலுள் புகுந்து நின்று தவறியவர் அவர். புறத்தே நின்று தவறுவாரோடு அவரை ஒருசேர எண்ணுதல் முறையன்று.

அடுத்து நோக்கத்தக்கவர் தனிநாயக அடிகளார் (1913–1980). யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைப் பகுதியில் பிறந்து, உரோமையில் சமயக்கல்வியில் முனைவர் பட்டம் பெற்று மீண்ட அவர், 1940 முதல் 1945 வரை வடக்கன்குளம் பள்ளியில் ஆசிரியராயிருந்தார். முனைவர் என்னும் பெயர் தமக்கிருந்தும், அங்கே ஒரு தமிழ்ப் பண்டிதர்முன் மாணாக்கராய் அமர்ந்து பாடங்கேட்டார். பின்னரே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பட்டங்கள் பெற்றார். பண்டைத் தமிழ்ப் பாட்டில் இயற்கை பற்றிய அவரது ஆய்வு, தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகத்தின் வழி நூலாயிற்று. 1952இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கிலக் காலாண்டு இதழைத் தொடங்கிப் பிறநாட்டறிஞரைத் தமிழின்பால் ஈர்த்தார். கேட்டல், பழகல், விரித்தல் என்னும் மூன்றும் இவர்பால் முறையே அமைந்தமை காண்க.

இவர் 1961 முதல் 1969 வரை தலைமை பூண்ட மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறையின் வரலாறும் அறியத்தக்கது. 1956இல் சிங்கப்பூரில் தொடங்கிய அத்துறையில் வடமொழிக்கே முதன்மை வேண்டும் என்ற கருத்து எழுந்தபோது, 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி முதலியோர் தமிழே வேண்டும் என வாதாடினர். 'தமிழ் எங்கள் உயிர்' என்று பெயரிட்டு நிதி திரட்டித் துறைக்குத் தமிழ் நூல்கள் வாங்க உதவினர். பின்னர்க் கோலாலம்பூரில் அத்துறைத் தலைவராய் அமர்ந்த அடிகளார், 1966இல் தமிழியல் நூல்களுக்கு ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டார். 1679இல் அச்சான புரோவன்சா பாதிரியாரின் தமிழ்–போர்ச்சுகீசிய அகராதியை அவ்வாண்டிலேயே மறுபதிப்புச் செய்வித்தார். இவை ஆராய்ச்சிக்குக் கருவிகள். கருவியின்றி வினை முற்றாது ஆதலின் இவற்றின் பயன் பெரிது.

ஆயினும் குறையும் கூறாமல் விடுதல் நடுநிலை ஆகாது. 1964 சனவரியில் புதுதில்லியில் அடிகளார் முதலியோரால் தோன்றிய உலகத் தமிழாராய்ச்சி மன்றம், 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு கூட்டியது. 1968இல் சென்னையில் இரண்டாம் மாநாடு நிகழ்ந்தபோது கடற்கரையில் சிலைகள் எழுந்தன. ஊர்வலம் நகரை நிறைத்தது. மக்கள் மகிழ்ந்தது தவறன்று. ஆனால் அறிஞர் அவையைத் திருவிழா மூடிவிட்டால், கட்டுரை எழுதினாரைக் கேள்வி கேட்டுத் திருத்துவார் யார்? தமிழின் பெருமை பேசுதல் வேறு, தமிழ் நூலை ஆராய்தல் வேறு. முன்னது கூட்டத்தை வேண்டும். பின்னது தனிமையையும் நெடுங்காலத்தையும் வேண்டும்.

இனிப் பொருள் மிகுந்தால் இக்குறை தீரும் என்பாரும் உளர். அமெரிக்க நாட்டு ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை அமைய 60 லட்சம் டாலர் வேண்டப்பட, தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் நல்கிற்று. உலகெங்குமுள்ள தமிழர் ஈந்தனர். 2018இல் தொகை நிரம்பிற்று. இது பாராட்டுக்குரிய செயல். எனினும் இருக்கை என்பது ஆசிரியர் அமர்வதற்கு. அவர்முன் அமர்ந்து உரைநூல்களைத் தடையின்றிப் படிக்கும் மாணாக்கரை எந்தத் தொகையும் தானே ஆக்கித் தாராது. அவரை ஆக்குவது தமிழகத்துப் பள்ளியும் பண்டிதருமே.

அற்றேல், ஆதீனங்களில் நிகழ்ந்த பழைய முறையே போதும் எனலாமோ எனின், அதுவும் பொருந்தாது. பழைய முறையில் நூல் நெஞ்சில் நின்றது; பாட வேறுபாடுகளைப் பல சுவடி கொண்டு ஒப்புநோக்கும் வழக்கமும், காலத்தைக் கல்வெட்டால் வரையறுக்கும் வழக்கமும் குறைவாயிருந்தன. திருவாவடுதுறையில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடங்கேட்ட உ. வே. சாமிநாதையர், சுவடிகளை ஒப்புநோக்கும் முறையையும் மேற்கொண்டமையாலேயே 1887இல் சீவகசிந்தாமணியைச் செவ்விதாகப் பதிப்பித்தார். அவரிடம் இரண்டும் கூடின. கூடியதன் பயனைத் தமிழுலகம் இன்றும் நுகர்கின்றது.

இக்காலத்தில் சுவடிக்கு அழிவு குறைந்தது. புதுச்சேரியில் உள்ள சைவச் சுவடித் தொகுதிகளை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஏட்டை நிழற்படமாக எடுத்து எந்நாட்டு மாணவனும் காணலாம். ஆனால் சிவஞான மாபாடியத்தில் ஒரு தொடரை எங்கே நிறுத்திப் படிப்பது, எந்தத் தடைக்கு எது விடை என்று வழிவழி கேட்டறிந்த ஆசிரியர் மறைந்தால், அவ்வறிவை எந்தப் படமும் மீட்டுத் தாராது. அத்தகையோர் நாளுக்கு நாள் அருகி வருகின்றனர்.

ஆதலின் செய்யத்தக்கன இரண்டு. ஆய்வுப் பொருளைப் பதிவு செய்வதற்குமுன் ஒவ்வொரு மாணவரும் ஒரு நூலையேனும் உரையோடு முழுவதும் ஓராசிரியரிடம் கேட்டிருத்தல் வேண்டும் என விதித்தல் ஒன்று. பட்டம் இல்லாமை பற்றித் தள்ளாது, மரபிற் கற்ற பண்டிதரைப் பல்கலைக்கழகங்கள் தக்க ஊதியத்தோடு அழைத்துப் பாடஞ் சொல்விக்கச் செய்தல் மற்றொன்று. முனைவர் பட்டம் பெற்ற பின்னும் வடக்கன்குளத்தில் பாடங்கேட்டார் ஒருவர். அவ்வழியைப் பின்வருவார்க்கு எளிதாக்குதல் பல்கலைக்கழகத்தார் கடனாம். அறிஞர் ஓர்ந்து ஆவன செய்வாராக.