மூன்றாவது பெடல்

நண்பரின் 1972 மாடல் டட்சன் 240 இசட்டில் முதன்முதலாக உட்கார்ந்தபோது என் இடது கால் வேலையில்லாமல் தரைவிரிப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு அப்பால் கப்பல் முனை மாதிரி நீண்டு கிடக்கும் பானெட். கிட்டத்தட்ட பின்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கும் உணர்வு. சாவியைத் திருப்பினால் ஆறு சிலிண்டரும் ஒரே தொண்டையில் உறுமுகின்றன. எல்லாம் சரிதான். ஆனால் வலது கை போய் விழுந்தது ஓர் ஆட்டோமேடிக் லீவர் மேல். பி, ஆர், என், டி. வீணையை மடியில் வைத்துக்கொண்டு மீட்டக் கூடாது என்று சொன்ன மாதிரி இருந்தது.

"மாத்திரலாமுங்களா?" என்றார் நண்பர். கோயம்புத்தூரில் அப்பாவின் லேத் பட்டறையில் வளர்ந்தவர். இப்போது சான் ஹோசேயில் மென்பொருள் எழுதுகிறார். கை மட்டும் இன்னும் பட்டறைக் கைதான்.

அந்த வண்டியின் பூர்வீகத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1969 அக்டோபரில் நிஸ்ஸான் இதை ஜப்பானில் ஃபேர்லேடி இசட் என்று அறிமுகப்படுத்தியது. அமெரிக்காவில் நிஸ்ஸானின் வியாபாரத்தைக் கட்டி எழுப்பிய யுதாகா கதாயாமாவுக்கு அந்தப் பெயர் கட்டோடு பிடிக்கவில்லை. நிறுவனத்துக்குள் வண்டிக்கு இருந்த குறியீட்டுப் பெயரான 240 இசட்டையே பொறித்து விற்றார். விலை 3,526 டாலர். 2,393 சி.சி. இன்ஜின், இரண்டு கார்பரேட்டர், அந்தக் காலக் கணக்கில் 151 குதிரைத்திறன், நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், எடை ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல். ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்கள் தூக்கம் கெட்டதில் வியப்பில்லை.

ஒரு வேடிக்கை உண்டு. ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் ஐந்து கியர் கொடுத்த நிஸ்ஸான், அமெரிக்காவுக்கு நான்குதான் கொடுத்தது. அங்கே ஐந்தாவது கியர் வந்து சேர 1977 மாடல் 280 இசட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் ஆட்டோமேடிக்கை மட்டும் 1971 மாடலிலேயே கொடுத்துவிட்டார்கள். மூன்று கியர் பெட்டி. அதன் மேல் எனக்குப் பகையில்லை. உழைப்பாளிப் பெட்டி, எளிதில் படுக்காது. ஆனால் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் டார்க் கன்வெர்ட்டர் என்று எண்ணெய் நிறைந்த குடம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. இன்ஜின் எண்ணெயைச் சுழற்றும், எண்ணெய் பெட்டியைச் சுழற்றும். இந்தக் காலப் பெட்டிகளில் வேகம் பிடித்ததும் இரண்டையும் இறுக்கிப் பூட்டிவிடும் ஏற்பாடு இருக்கிறது, இதில் இல்லை. மிதித்ததற்கும் வண்டி பாய்வதற்கும் இடையே எப்போதும் ஒரு தரகர். அவர் கமிஷன் எடுக்காமல் விடமாட்டார்.

இறக்குவது ஒரு நாள் வேலை. பெட்டியின் எண்ணெயைக் குளிர்விக்க ரேடியேட்டரின் அடித்தொட்டிக்குப் போகும் இரண்டு குழாய்களைக் கழற்றி, அந்த வாய்களை அடைத்தோம். கன்வெர்ட்டர் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக, இன்ஜினைக் கையால் திருப்பித் திருப்பிக் கழற்றினோம். பெட்டியும் கன்வெர்ட்டருமாகக் கீழே வந்தபோது சிவப்பு எண்ணெய் கால்வாசி தட்டிலும் முக்கால்வாசி எங்கள் மேலும். இதில் ரசிக்க ஒன்றுமில்லை.

ரசனை தொடங்குவது இன்ஜினின் பின்முகத்தைத் துடைத்துவிட்டுப் பார்க்கும்போது. மேனுவல் வண்டியில் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட்டுடைய நுனி, க்ராங்க் ஷாஃப்ட்டின் நடுக்குழியில் போய் உட்கார வேண்டும். அங்கே சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு பைலட் புஷ், எண்ணெய் ஊறிய வெண்கலத்தில். ஆட்டோ வண்டியில் அதே இடத்தில் கன்வெர்ட்டரைத் தாங்கும் வேறொரு வளையம். ஐம்பது வருடமாக உட்கார்ந்திருக்கும் வளையம் கூப்பிட்டால் வருமா? நண்பர் சமையலறைக்குப் போய் நான்கு ரொட்டித் துண்டுகளோடு வந்தார். தண்ணீரில் நனைத்துப் பிசைந்து, வளையத்தின் துளை வழியாக உள்ளே திணித்தார். துளைக்குச் சரியாகப் பொருந்தும் ஒரு கம்பியை வைத்து மெல்லத் தட்டினார். இன்னும் கொஞ்சம் ரொட்டி. இன்னும் ஒரு தட்டு. போக இடமில்லாத ரொட்டி வளையத்தைப் பின்னாலிருந்து தள்ள, நாலாவது துண்டு முடிவதற்குள் வளையம் பளபளவென்று வெளியே வந்து விழுந்தது. கிரீஸிலும் இதைச் செய்வார்கள். ரொட்டியில் செய்தால் துடைக்கும் வேலை குறைவு.

புதுப் பெட்டியாக நாங்கள் தேர்ந்தெடுத்தது 1981க்கும் 83க்கும் இடையே வந்த 280 இசட்எக்ஸின் ஐந்து கியர் பெட்டி. இசட் பிரியர்களிடையே இதற்குத் தனி மரியாதை. ஒரே குடும்பத்து இன்ஜின் என்பதால் எதையும் வெட்டாமல் ஒட்டாமல் பெட்டி போய்ப் பொருந்திவிடும். டிரான்ஸ்மிஷன் சுரங்கத்தை வாள் போட்டு அறுத்து இன்றைய ஆறு கியர் பெட்டியைச் செருகுகிறவர்களும் இருக்கிறார்கள். வேகம் வேண்டுமென்றால் நியாயம்தான். எனக்கு அது பழைய வீட்டுத் தேக்குத் தூணை அறுத்து ஏ.சி. குழாய் விட்ட மாதிரி. மாற்று வேலை என்றால் பானெட்டையும் கதவையும் திறந்து பார்க்கிறவனுக்கு எது மாறியது என்றே தெரியக் கூடாது.

இந்தப் பெட்டியில் ஒரு பொறி உண்டு. அதில் நாங்களும் விழுந்தோம். கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் ஒரு காலர் மேல் உட்கார்ந்திருக்கும். இரண்டு சீட் வண்டிக்கு 225 மில்லிமீட்டர் கிளட்ச், நான்கு சீட் வண்டிக்கும் டர்போவுக்கும் 240 மில்லிமீட்டர். பிரஷர் பிளேட்டின் உயரம் மாறினால் காலரின் உயரமும் மாற வேண்டும். உதிரிபாகக் கடையில் ஒரே பெட்டியில் போட்டுக் கொடுத்த காலரையும் பிரஷர் பிளேட்டையும் நம்பி ஏற்றினோம். எல்லாம் பூட்டி, கிளட்ச்சில் காற்று எடுத்து, பெடலை மிதித்தால் கிளட்ச் விடவே இல்லை. இரண்டு முறை மறுபடி காற்று எடுத்தோம். மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகித்தோம். ஸ்லேவ் சிலிண்டரைத் திட்டினோம். கடைசியில் பெட்டியை மறுபடி இறக்கினோம்.

அப்புறம்தான் நண்பர் வெர்னியரை எடுத்தார். ஃப்ளைவீலின் உராயும் முகத்திலிருந்து, காலரில் ஃபோர்க் வந்து முட்டும் இடம் வரை 92 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இசட் வேலை தெரிந்தவர்கள் மந்திரம் போல் சொல்லும் எண் இது. எங்களுடையது அதைத் தொடவே இல்லை. பழைய சாமான் கடையிலிருந்து உயரமான காலர் ஒன்று வாங்கி வந்து வைத்து மறுபடி அளந்தோம். "அண்ணா, தொண்ணூத்திரெண்டு வருதுங்க" என்று கீழிருந்து வந்த குரலில் இருந்த நிம்மதியை ஒரு பிள்ளை பிறந்த செய்தியில்தான் கேட்டிருக்கிறேன்.

பெட்டியை ஏற்றும் கணம் தனி. 35 கிலோ வாக்கில் கனக்கும் அலுமினியத்தை மல்லாந்து படுத்து நெஞ்சுக்கு மேலே தூக்கி, கிளட்ச் பிளேட்டின் பல்லுக்குள் ஷாஃப்ட்டின் பல்லை நுழைத்து, நுனியைப் பைலட் புஷ்ஷில் சேர்க்க வேண்டும். முக்கால்வாசி போய் நின்றுவிடும். அந்த இடத்தில்தான் கைக்காரனும் அவசரக்காரனும் பிரிகிறார்கள். அவசரக்காரன் போல்ட்டைப் போட்டு இறுக்கி இழுப்பான். பெல்ஹவுசிங்கின் காது உடையும். நண்பர் பெட்டியை டாப் கியரில் போட்டு, பின்பக்க அவுட்புட் ஷாஃப்ட்டை அரை விரல் அளவு திருப்பினார். ஒரு மூச்சு. பெட்டி தானாகவே முன்னால் நழுவி, இன்ஜின் முகத்தில் 'தப்' என்று அமர்ந்தது. நான் இந்தப் பக்கம் டார்ச் பிடித்தபடி சும்மாதான் இருந்தேன். ஆனாலும் கைதட்டத் தோன்றியது.

மற்றவை சில்லறை வேலைகள். அகலமான ஆட்டோ பிரேக் பெடல் போய், குறுகிய பிரேக்கும் அதன் பக்கத்தில் கிளட்ச்சும் வந்தன. பெட்டியின் வாலில் ஸ்பீடாமீட்டர் கேபிளைச் சுழற்றும் குட்டிப் பினியனை, பின்பக்க டிஃபரென்ஷியலின் கிரவுன் விகிதத்துக்கு ஏற்ற பல் எண்ணிக்கையில் போட்டோம். இல்லாவிட்டால் முள் பொய் சொல்லும். லீவர் பார்க்கிலோ நியூட்ரலிலோ இருந்தால் மட்டும் ஸ்டார்ட் ஆகவிடும் சுவிட்ச்சின் இரண்டு கம்பிகளை ஒன்றாக இணைத்தோம். இதில் ஒரு விலை உண்டு: இனி கியரில் இருந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும். அதை மறந்து சாவியைத் திருப்பியது நான்தான். வண்டி ஒரு முழம் தாவி வேலை மேசையை முத்தமிட்டது. பம்பரில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. எண்ணெய் மட்டும் ஜிஎல்-4 தரம். ஜிஎல்-5 எண்ணெயில் சேர்க்கும் கந்தக மருந்து பித்தளை சிங்க்ரோ வளையங்களுக்கு ஆகாது.

இந்த மாற்று வேலையில் என்னைச் சொக்க வைத்தது ஸ்பேனர் வேலையைவிட கணக்கு. அமெரிக்க நான்கு கியர் வண்டிக்குக் கிரவுன் விகிதம் 3.36. ஆட்டோமேடிக் வண்டிக்கு 3.54, கன்வெர்ட்டரின் சோம்பலை ஈடுகட்டக் கொஞ்சம் குட்டையாகக் கொடுத்தார்கள். நாங்கள் ஏற்றிய பெட்டியின் ஐந்தாவது கியரோ 0.745. மிக உயரமான கியர் அது. நான்கு கியர் வண்டியின் 3.36 கிரவுனோடு இதை ஜோடி சேர்த்தால் ஐந்தாவதில் வண்டி மூச்சு வாங்கும். அதனால் மேனுவல் வண்டிக்காரர்கள் இந்தப் பெட்டியைப் போட்டதும் வேறு கிரவுன் தேடி அலைவார்கள். ஆட்டோ வண்டிக்காரன் அலைய வேண்டாம். அவன் வண்டியின் அடியிலேயே அது ஐம்பது வருடமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. பழைய அளவு டயரில், மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில், ஆட்டோ பெட்டி இன்ஜினை 3,000 சுற்றுக்கு மேல் ஓட வைக்கும். இப்போது சுமார் 2,300. முதல் கியரின் மொத்த விகிதம் 8.7லிருந்து 10.9க்கு ஏறியிருக்கிறது, சிக்னலில் புறப்படும்போது இடுப்பு சீட்டில் புதைவதற்குக் காரணம் அதுதான். ஆட்டோ இசட்டை ஏளனமாகப் பார்த்தவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை.

சாண்டா குரூஸ் மலைப்பாதையில் ஒரு ஞாயிறு காலை நண்பர் ஓட்டக் கொடுத்தார். கைப்பிடி சிறியது, உள்ளங்கைக்குள் உருண்டு நிற்கிறது. இரண்டாவதிலிருந்து மூன்றாவது, மூன்றாவதிலிருந்து மறுபடி இரண்டாவது. வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தபடியே பாதத்தின் ஓரத்தால் ஆக்ஸிலேட்டரைச் சீண்டி, சுற்றைச் சமன் செய்து கியரை இறக்கினால் சிங்க்ரோவுக்கு வேலையே இல்லாமல் வெண்ணெயில் கத்தி போல் விழுகிறது. ஊரில் மலைப்பாதை பஸ் டிரைவர்கள் இரண்டு கிளட்ச் போட்டு கியர் இறக்கும்போது முன் சீட்டில் உட்கார்ந்து வாய் பிளந்து பார்த்த வயது எனக்கு உண்டு. அதே வித்தைதான். ஒவ்வொரு முறையும் சரியாக வரவில்லை. இரண்டு முறை கரகரத்து மானம் போயிற்று. ஆனால் சரியாக வந்த முறைகளில் இன்ஜினின் குரல் ஒரு சுருதி ஏறி, வண்டி வளைவுக்குள் அப்படியே உட்கார்ந்தது. இடது காலுக்கு வேலை கிடைத்துவிட்டது.

பழைய ஆட்டோ பெட்டியை நாங்கள் தூக்கிப் போடவில்லை. எண்ணெய் வடித்து, வாய்களை அடைத்து, கன்வெர்ட்டரோடு தார்ப்பாயில் சுற்றி, பெடலையும் லீவரையும் ஒரு பையில் கட்டி, நண்பர் கராஜ் மூலையில் வைத்திருக்கிறார். பின்னால் வாங்குகிறவர் பிறந்தபடியே வேண்டுமென்று கேட்டால் திருப்பிப் பூட்டலாம். இம்மி பிசகாமல் எல்லாம் அசலாக இருக்கும் ஆட்டோ வண்டி கிடைத்தால் அதில் கை வைக்காமல் விடுவதே மரியாதை. அப்படி மிஞ்சியவை அதிகமில்லை.

மற்றபடி, பழைய இசட் ஒன்று விலைக்கு வந்து, ஆட்டோமேடிக் என்று போட்டிருந்தால் முகம் சுளித்து நகராதீர்கள். விலை குறைவாகத்தான் சொல்வார்கள். பேரம் பேசுவதற்கு முன்னால் ஒரு முறை வண்டிக்கு அடியில் படுத்து, கிரவுன் 3.54தானா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.