நம்பிக்கை என்னும் ஒரு சொல்

திருமறையின் தமிழாக்கங்களை அரபு மூலத்தோடு ஒப்பு நோக்கிப் படிப்போர்க்கு ஒரு குறை அடிக்கடி தட்டுப்படும். ஈமான், அமானத், தவக்குல் ஆகிய மூன்றையும் 'நம்பிக்கை' என்ற ஒரே சொல்லைக் கொண்டு பல இடங்களில் பெயர்த்துவிடுகின்றனர். எதிர்ச்சொற்களின் கதியும் அதுவே. இதனால் நேரும் இழப்பைக் காட்ட யூசுப் அத்தியாயம் ஒன்றே போதும்.

யூசுப் நபியைத் தம்முடன் அனுப்பக் கேட்கும் அண்ணன்மார், அவர் விஷயத்தில் தங்களை ஏன் நம்பவில்லை என்று தந்தையை வினவுகின்றனர் (12:11). அங்கு வரும் வினை, 'அம்ன்' என்ற வேரிற் பிறந்தது. (அச்சொல்லை ஓதும்போது காரீகள் இதழ் குவித்து 'இஷ்மாம்' செய்வதை நம் மாணவர் அறிவர்.) அம்ன் என்பது அச்சமற்றிருத்தல். அதனாற்றான் யஃகூப் நபி (அலை) தரும் விடையில் 'அஞ்சுகிறேன்' என்ற சொல் வந்து நிற்கிறது (12:13). வினாவிலிருந்த சொல்லின் நேர் எதிர்ச்சொல்லையே விடையாக்குகிறார். தமிழில் படிப்பவருக்கோ, 'நம்பவில்லையா?' என்று கேட்டதற்கு ஓநாயைச் சொல்லி முதியவர் பேச்சை மாற்றுகிறார் என்றே தோன்றும்.

அன்று மாலை அழுதுகொண்டே திரும்பியவர்கள், தாங்கள் உண்மை சொன்னாலும் தந்தை தங்கள்பால் 'முஃமின்' ஆகமாட்டார் என்கின்றனர் (12:17). இங்கே அச்சொல்லுக்குச் சொன்னதை மெய்யென ஏற்பவர் என்பதே பொருள். இதன் எதிர்ச்சொல் 'தக்தீப்', பொய்யாக்குதல். முன்னது பிள்ளையை ஒப்படைக்கும் நம்பிக்கை; பின்னது சொல்லை ஏற்கும் நம்பிக்கை. ஒருவர் சொல்லை ஏற்றுக்கொண்டும் அவர் கையில் பிள்ளையைக் கொடுக்காதிருக்கலாம் அன்றோ?

இளைய மகனையும் கேட்டபோது தந்தை முதலில் அவர்களிடம் 'மவ்ஸிக்' என்னும் உறுதிமொழி வாங்குகிறார் (12:66). ஹதீஸ் கலையார் நம்பகமான அறிவிப்பாளரைக் குறிக்கும் 'ஸிகா' இதே வேரினது. வள்ளுவர் 51ஆம் அதிகாரத்திற் பேசும் தெளிதல் இதற்கு வெகு அண்மையிலுள்ளது. ஆராயாமல் தெளிவதும், தெளிந்தபின் ஐயுறுவதும் ஆகிய இரண்டையுமே அவர் குற்றமாக்குகிறார். இத்தகைய சொல் நம் கையிலிருக்க, மொழிபெயர்ப்பாளர் அதைத் தீண்டாதது வியப்பே. உறுதிமொழி வாங்கி, வெவ்வேறு வாயில்களால் நுழையும்படி வழியும் சொன்ன பிறகே தந்தை தவக்குலைச் சொல்கிறார் (12:67). நீதிமன்ற வழக்கில் நாம் வழங்கும் 'வக்கீல்' அவ்வேரிலிருந்து வந்ததே.

பெரிய இழப்பு அமானத்தில்தான். 'நம்பு' என்பதற்கு நசை, அதாவது விருப்பம், என்று தொல்காப்பிய உரியியல் பொருள் கூறும். ஆக நம்பிக்கை, நம்புகிறவர் உள்ளத்திலிருப்பது. அமானத்தோ நம்பப்பட்டவர் தோளிலிருப்பது. வக்ஃபு வருமானத்தைத் தின்ற ஒரு முத்தவல்லியைக் குறித்து, 'அவர்மேல் நம்பிக்கை போய்விட்டது' என்று ஜமாஅத்தார் சொல்லக் கேட்கிறோம். அது ஜமாஅத்தாரின் மனநிலையைத் தெரிவிக்கிறதேயன்றி அவர் செய்ததைத் தெரிவிக்கவில்லை. அவர் செய்ததற்குப் பெயர் கியானத். அச்சொல்லைப் பறிகொடுத்த சமுதாயம் கணக்குக் கேட்கும் நாவையும் பாதி பறிகொடுத்ததாகும். இதே அத்தியாயத்தில் கியானத் செய்யவில்லை என்ற கூற்று வருகிறது (12:52). கூறியவர் யூசுபா, அஜீஸின் மனைவியா என்பதில் விரிவுரையாளர் வேறுபடுவர். இரண்டு வசனம் தள்ளி, அரசர் வாயிலிருந்து 'அமீன்' என்ற பட்டம் யூசுபுக்குக் கிடைக்கிறது (12:54). சொல்லும் எதிர்ச்சொல்லும் இவ்வளவு அருகில் இருந்தும் தமிழில் அவை உறவற்றுக் கிடக்கின்றன.

அரபுச் சொல் வேண்டாமென்பார்க்கு அடைக்கலம் உண்டு. கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும் பகுதிக்கு அடைக்கலக் காதை என்றே பெயர். இன்று அச்சொல் புகலிடம் என்ற அளவிற் சுருங்கிவிட்டதால், நம் வீட்டுப் பெண்டிர் நகைக்கும் பிள்ளைக்கும் ஒருங்கே வழங்கும் 'அமானிதம்' போதுமென்பது நம் கருத்து.

அத்தியாயத்தின் இறுதிப் பகுதியில், பெற்றோரை எதிர்கொள்ளும் யூசுப் நபி, அவர்களை 'ஆமினீன்' ஆக, அச்சமற்றோராக, மிஸ்ருக்குள் நுழையச் சொல்கிறார் (12:99). அண்ணன்மார் வஞ்சகமாய் எடுத்தாண்ட அதே வேர், இப்போது தம்பியின் வாயில் வருகிறது. 'பாதுகாப்பாக' என்று பெயர்த்தவர்கள் ஓர் அடிக்குறிப்பாவது இட்டிருக்கலாம்.