தேய்மானத்தின் ஓசை: போர்ட்டிஸ்ஹெட் குழுவின் ‘டம்மி’ இசைத்தொகுப்பு – ஒரு திறனாய்வு

முன்னுரை

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரைக் களமாகக் கொண்டு எழுந்த போர்ட்டிஸ்ஹெட் என்னும் இசைக்குழுவின் முதல் தொகுப்பான ‘டம்மி’ 1994ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வெளிவந்தது. 11 பாடல்கள் கொண்ட இத்தொகுப்பு, மறு ஆண்டில் பிரிட்டனின் மெர்குரி இசைப் பரிசைப் பெற்றது. மெதுவாக நகரும் தாளமும் மங்கிய ஒலியும் கொண்ட இவ்வகை இசைக்கு ‘ட்ரிப்-ஹாப்’ என்னும் பெயரை இசை இதழ்கள் வழங்கின.

இத்தொகுப்பைப் பாராட்டுவோர் பலரும் இதன் சிறப்பைச் ‘சூழல்’ என்னும் ஒரு சொல்லில் அடக்கிவிடுகின்றனர். சூழல் என்பது வேறொன்றன் பின்னால் நிற்பது என்ற எண்ணம் அச்சொல்லிலேயே மறைந்துள்ளது. உணவகங்களிலும் விருந்துகளிலும் உரையாடலுக்குப் பின்னணியாக இத்தொகுப்பு ஒலிக்க நேர்ந்தமைக்கு இவ்வெண்ணமே காரணம் எனலாம். ‘டம்மி’யில் சூழல் பின்னணி அன்று, அதுவே பாடலின் பொருளைச் சுமக்கிறது என்பதை விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

இச்சிக்கல் தமிழ் பயிற்றுவோர்க்குப் புதிதன்று. அகப்பாடலின் முதற்பொருளையும் கருப்பொருளையும் ‘இயற்கை வருணனை’ என ஒதுக்கிவிட்டு, உரிப்பொருளை மட்டுமே பாட்டின் பொருளாக உரைக்கும் போக்கு நம் வகுப்பறைகளில் காணப்படுவதே. தொல்காப்பியம் வகுத்த அப்பாகுபாடு இங்கு ஒப்பீட்டிற்காக எடுத்தாளப்படவில்லை. இவ்விசையைச் செவிமடுக்கும் முறைக்கு ஒரு கருவியாக மட்டுமே கொள்ளப்படுகிறது.

களமும் காலமும்

பிரிஸ்டல், அடிமை வணிகத்தால் செல்வம் சேர்த்த துறைமுக நகர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறியோர் அந்நகரின் செயிண்ட் பால்ஸ் பகுதியில் வாழலாயினர். பேரொலிபெருக்கிகளை அடுக்கி இசைத்தட்டுகளை முழங்கவிடும் ‘சவுண்ட் சிஸ்டம்’ மரபு அவர்களோடு வந்தது. அம்மரபிலும் அமெரிக்க ஹிப்-ஹாப் இசையிலும் ஊன்றி எழுந்ததே 1991இல் வெளிவந்த மாஸிவ் அட்டாக் குழுவின் ‘புளூ லைன்ஸ்’. அதன் ஒலிப்பதிவு நடைபெற்ற கோச் ஹவுஸ் கூடத்தில் உதவியாளராகப் பணியாற்றிய இளைஞரே ஜெஃப் பேரோ. வேலையற்றோர் சொந்தத் தொழில் தொடங்க உதவிய அரசுத் திட்டம் ஒன்றின் வாயிலாகப் பாடகி பெத் கிப்பன்ஸை அவர் 1991இல் சந்தித்தார். ஜாஸ் கிதார்க் கலைஞர் ஏட்ரியன் அட்லி பின்னர் இணைந்தார்.

தேய்மானம் என்னும் உத்தி

பழைய இசைத்தட்டிலிருந்து சிறு பகுதியை வெட்டியெடுத்து மீண்டும் மீண்டும் சுழலவிடும் ‘சாம்ப்ளிங்’ முறை ஹிப்-ஹாப் இசைக்குப் பொதுவானது. போர்ட்டிஸ்ஹெட் குழுவினர் இம்முறையில் மேலும் ஒரு படி சென்றனர். தாமே புதிதாக இசைத்த பகுதிகளை இசைத்தட்டில் பொறித்து, அத்தட்டைத் தேய்த்துப் பழுதாக்கி, அதிலிருந்து மறுபடியும் ஒலியை எடுத்தாண்டனர். எனவே இத்தொகுப்பில் கேட்கும் கீறலோசை முழுவதும் கடந்த காலத்திலிருந்து வந்ததன்று. அதில் ஒரு பகுதி வேண்டுமென்றே ஆக்கப்பட்டது.

இதனைப் போலிப் பழைமை எனக் குறைகூற இடமுண்டு. ஆயினும், பழைமை ஏக்கம் கொண்ட இசை கடந்த காலத்தைக் குறையற்றதாகக் காட்டவே விழையும். ‘டம்மி’யோ பழையதைப் பழுதுபட்ட நிலையிலேயே முன்வைக்கிறது. ‘பிஸ்கட்’ என்னும் பாடலில் 1950களில் புகழ்பெற்றிருந்த அமெரிக்கப் பாடகர் ஜானி ரேயின் குரல் வேகம் குறைக்கப்பட்டு, இழுபட்டு, கனத்து ஒலிக்கிறது. காதல் பாடிய குரல் இங்குக் காதலின் எச்சமாக மாறிவிடுகிறது. நினைவு எவ்வாறு சிதைகிறது என்பதைச் சொற்களால் கூறாமல் ஒலியின் சிதைவாலேயே கூறும் உத்தி இது.

ஒரே அடித்தளம், இரு பாடல்கள்

தொகுப்பின் இறுதிப் பாடலான ‘குளோரி பாக்ஸ்’ ஐசக் ஹேய்ஸின் 1971ஆம் ஆண்டுத் தொகுப்பான ‘பிளாக் மோசஸ்’ஸிலுள்ள ‘ஐக்ஸ் ராப் 2’ என்னும் பகுதியை அடித்தளமாகக் கொண்டது. படிப்படியாகக் கீழிறங்கும் அடிச்சுரங்களின் மீது ஆண்குரல் பேசிச் செல்லும் அமைப்புடையது அம்மூலம். போர்ட்டிஸ்ஹெட் அவ்விடத்தில் ஒரு பெண்குரலை நிறுத்துகிறது. காதல் விளையாட்டில் களைத்த பெண்ணின் கூற்றாக அமையும் அப்பாடலில், கீழிறங்கும் சுரங்கள் அவளது களைப்பின் அசைவாகவே ஒலிக்கின்றன. அட்லியின் கரகரத்த கிதார் அவள் அடக்கிய சினத்தை வெளிப்படுத்துகிறது.

அதே பகுதியை 1995இல் பிரிஸ்டலைச் சேர்ந்த டிரிக்கி தம் ‘மேக்ஸின்குவே’ தொகுப்பிலும் பயன்படுத்தினார். அங்கு முணுமுணுக்கும் குரலின் கீழ் அச்சுரங்கள் நகர வாழ்வின் அச்சத்தைச் சுட்டுகின்றன. கருப்பொருள் ஒன்றேயாயினும் கூற்று நிகழ்த்துவோர் மாறுகையில் உணர்வும் மாறுகிறது. எடுத்தாளப்பட்ட பகுதி வெறும் அலங்காரமாயின் இவ்வேறுபாடு தோன்ற இயலாது என்பது எண்ணத்தக்கது.

குறைகள்

எல்லாப் பாடல்களும் இத்தரத்தன அல்ல. ‘பெடஸ்டல்’ பாடலின் எக்காள இசை பழைய ஜாஸ் விடுதியின் சாயலைத் தருவதோடு நின்றுவிடுகிறது. அங்குச் சூழல் உண்மையிலேயே அலங்காரம்தான். தாள வேகம் பெரிதும் மாறாமையால் தொகுப்பின் இடைப்பகுதியில் சலிப்புத் தோன்றுவதையும் மறுப்பதற்கில்லை. பின்னணி இசையாக இதனைக் கொள்வோர்க்கு இவ்விடங்களே இடமளிக்கின்றன.

கடன் பற்றிய வினாவும் எழுகிறது. ஹேய்ஸின் பெயர் பாடலாசிரியர் வரிசையில் இடம்பெற்றிருப்பது முறையே. ஆயின் கரீபியக் குடியேறிகளின் ஒலிமரபுக்கு அத்தகைய பெயர்ப்பதிவு இல்லை. இத்தொகுப்பை மதிப்பிடுவோர் அக்கடனை எடுத்துரைத்தல் கடமையாகும்.

முடிவுரை

2008இல் வெளிவந்த ‘தேர்ட்’ என்னும் மூன்றாம் தொகுப்பில் இக்குழுவினர் ‘டம்மி’யின் மென்மையை விட்டு, செவியை உறுத்தும் இயந்திரத் தாளங்களை நாடினர். பின்னணியாகக் கேட்க இடங்கொடாத இசை அது. அதனைக் கேட்டபின் ‘டம்மி’க்குத் திரும்பினால், அம்மென்மையின் அடியில் அதே உறுத்தல் முன்பே இருந்தமை புலனாகும்.

கீறலோசையை நீக்கிவிட்டுக் கிப்பன்ஸின் சொற்களை மட்டும் தாளில் எழுதிப் படித்தால், எஞ்சுவது பொதுவான காதல் துயரமே. பறவையையும் பொழுதையும் நீக்கிய அகப்பாடலின் நிலையும் இத்தகையதே. உணர்வு எதன்மீது ஊன்றி நிற்கிறதோ, அதனைப் பின்னணி என அழைப்பது திறனாய்வுக்குப் பொருந்தாது. இவ்வுண்மையைச் செவியால் உணர்த்தவல்ல தொகுப்பு என்ற வகையில், இசைத்துறைக்கு அப்பாலுள்ள நம்மனோர்க்கும் ‘டம்மி’ பயன்தரும் எனத் துணியலாம்.